சீசன் முடிந்த பிறகு

வெள்ளி, வடுவூர்

தஞ்சாவூரிலிருந்து விடியுமுன்பே கிளம்பிவிட்டோம். கார் தம்பியுடையது. ஓட்டுவதும் அவன்தான். பறவைகளில் அவனுக்குக் கோழியைத் தவிர வேறெதிலும் நாட்டம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வடுவூர் ஏரிக்கரையில் ஏறியபோது அப்படித்தான் இருந்தது. ஏழரை மணிக்கு வெயில் ஏறியதும் பனி இருந்த சுவடே இல்லை. கரையோரக் கடையில் டீ ஆற்றிக் கொடுத்தவர் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "சீசன்லாம் முடிஞ்சிடுச்சே, இப்பப்போய் வர்றீங்களேம்மா. தையில வந்திருக்கணும்" என்றார். பறவை பார்க்கப் போகிறவர்கள் மாசி, பங்குனியில் எங்கே போனாலும் இதைக் கேட்கலாம். கூட்டம் வருவது கார்த்திகையிலும் மார்கழியிலும்தான். அப்போது எண்ணிக்கை அதிகம் என்பதும் உண்மை. ஆனால் எனக்குப் பிடித்தது இந்த நேரம். ஏன் என்பதற்கு ஏரியிலேயே பதில் இருந்தது.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதன்பின் இந்த ஏரிக்கு வரத்து குறைந்து, தண்ணீர் மெல்ல உள்வாங்கத் தொடங்கும். விளிம்பில் சேறு தெரிய ஆரம்பித்திருந்தது. ஊசிவால் வாத்துகளில் பெரும்பாலானவை போய்விட்டன. ஆனால் நீலச்சிறகிகள் இருந்தன. ஐப்பசியில் இவை வந்து இறங்கும்போது ஆணையும் பெண்ணையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். எல்லாம் ஒரே தவிட்டு நிறம். இப்போது ஒவ்வொரு ஆணுக்கும் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பிறை வரைந்து, அது கழுத்து வரை இறங்கியிருக்கிறது. தலை செம்பழுப்பு. பெட்டையின் முன்னால் தலையைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தது ஒன்று. இன்னும் சில வாரங்களில் இமயத்தைத் தாண்டி மத்திய ஆசியாவுக்கோ சைபீரியாவுக்கோ போய்விடும். ஜோடி சேர்வதெல்லாம் இங்கேயே, இந்த ஏரியிலேயே முடிந்துவிடுகிறது. மார்கழியில் வந்த கூட்டம் பார்த்தது இந்தப் பறவையின் சாயம் ஏறாத பிரதியைத்தான்.

ஏரிக்கு வெளியே சம்பா அறுத்த வயல்களில் தரிசு உளுந்து காய் பிடித்து நின்றது. வரப்பில் மஞ்சள் வாலாட்டிகள். இவையும் அப்படித்தான்: முன்பனிக்காலம் முழுக்கச் சாம்பலும் அழுக்கு மஞ்சளுமாக இருந்துவிட்டு, புறப்படுகிற நேரத்தில் வயிறு எலுமிச்சை நிறத்துக்கு வருகிறது. மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்து இறகு கோதின.

மதியம் மன்னார்குடியில் சாப்பாடு. தம்பி அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுவான்.

சனி, கோடியக்கரை

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக நேற்று மாலையே வந்துவிட்டோம். வேதாரண்யத்தில் அறை எடுத்தோம். அங்கேயும் அதே வரவேற்பு: "சீசன் முடிஞ்சிடுச்சு சார்." இம்முறை தம்பியிடம் சொன்னார்கள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

தெற்கே இறங்கிக்கொண்டே வரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. வடக்கேயிருந்து கரையைப் பிடித்துக்கொண்டு வரும் பறவைக்கு நிலம் இங்கே முடிகிறது. அதனால்தான் இத்தனை கூட்டம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டி வருகிறது. பறவையியலாளர் சாலிம் அலிக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டதும் இதுதான்.

விடியற்காலையில் உப்பளப் பக்கம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் வேதாரண்யம். இன்றும் பாத்திகள் கண்ணுக்கெட்டும் வரை கிடக்கின்றன. உப்பு வாரும் வேலை சூடுபிடித்துவிட்டது. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கவேண்டும் என்பதால் ஆட்கள் இருட்டோடு வந்துவிடுகிறார்கள். கண் கூசுகிறது, கால் வெடிக்கிறது. வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே அவர்கள் நடந்துபோனால் உப்புக்கொத்திகள் பத்தடி தள்ளி உட்கார்கின்றன. காமிராவோடு நான் போனால் ஐம்பதடி.

டெலஸ்கோப்பை நிறுத்தி ஒரு சேற்றுத் திட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் அங்கேயிருந்து நகரவில்லை.

முதலில் கொசு உள்ளான்கள். சிட்டுக்குருவியை விடச் சின்ன உருவம். சாதாரண நாளில் எடை முப்பது கிராமைத் தொடுவது அபூர்வம். நூற்றுக்கணக்கில், சேற்றில் தையல் மிஷின் ஊசி இறங்குவதுபோல விடாமல் கொத்திக்கொண்டிருந்தன. இவற்றுக்கு இப்போது ஒரே வேலை தின்பதுதான். பகல் நீள நீள உடம்புக்குள் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன, பசி கூடுகிறது, தின்றதெல்லாம் தோலுக்கடியில் கொழுப்பாகத் தங்குகிறது. அந்தக் கொழுப்புதான் ஆர்க்டிக் வரை போவதற்கான எரிபொருள். ஜூனில் அங்கே பனி உருகிப் பூச்சிகள் கிளம்பும் சில வாரங்களுக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கவேண்டும். முன்னதாகப் போனால் பனி, தாமதமாகப் போனால் பூச்சி இல்லை.

கொசு உள்ளான்களுக்கு நடுவே, மூக்கு கீழ்நோக்கி வளைந்த உள்ளான்கள். சைபீரியத் தூந்திரத்தில் கூடு கட்டுபவை. மார்கழியில் பார்த்தால் மேலே சாம்பல், கீழே வெள்ளை. ஆயிரத்தில் ஒன்று என்று கடந்து போய்விடுவோம். இன்று சிலவற்றின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக இறங்கியிருந்தது. ஒன்றுக்குக் கழுத்தில் மட்டும், ஒன்றுக்கு வயிற்றில் பாதி. சித்திரை பிறக்கும்போது முழுச் சிவப்பாகிவிடும். மங்கோலியப் பட்டாணி உப்புக்கொத்திகளுக்கு மார்பில் ஆரஞ்சுப் பட்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. பொன்னிற உப்புக்கொத்தியின் வயிற்றில் கறுப்பு மை தெறித்த மாதிரிப் புள்ளிகள்.

ஒரு திட்டிலேயே இத்தனை நிலைகள். ஒரே இனத்தில் பத்துப் பறவையைப் பார்த்தால் பத்தும் பத்து விதம். கையேட்டில் 'குளிர்கால உடை', 'இனப்பெருக்ககால உடை' என்று இரண்டு படங்கள்தான் போட்டிருப்பார்கள். இடையில் நடப்பதை நேரில்தான் பார்க்கவேண்டும். அதற்கு இந்த மாதம்தான் வரவேண்டும்.

சாம்பல் நிறம் கொஞ்சமும் மாறாமல் சில நின்றன. அவற்றில் பல போன வருஷம் பிறந்தவையாக இருக்கும். இந்தச் சின்னக் கரைப்பறவைகளில் ஒரு பங்கு முதல் கோடையில் ஊர் திரும்புவதில்லை. அத்தனை தூரம் போய் ஜோடி கிடைக்காமல் திரும்புவதற்கு, இங்கேயே இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு. அக்னி நட்சத்திரத்திலும் இந்த உப்பளத்தில் உள்ளான்கள் திரிவது அதனால்தான்.

பூநாரைகள் தூரத்தில் இருந்தன. எண்ணிச் சொல்லும்படி இல்லை, ஒரு இளஞ்சிவப்புக் கோடு. டெலஸ்கோப்பில் பார்த்தால் கூட்டத்தின் ஒரு பகுதி நெருக்கமாகச் சேர்ந்து, கழுத்தை நிமிர்த்தி, தலையை இடமும் வலமும் வெட்டி வெட்டித் திருப்பிக்கொண்டு அணிவகுத்து நடக்கிறது. திடீரென்று ஒன்று இறக்கையை விரிக்க, உள்ளே செக்கச்செவேல். பக்கத்திலுள்ளதும் விரிக்கிறது. ஜோடி தேடும் ஆட்டம் இது. கூடு கட்டுவதற்குப் பல மாதம் முன்பே ஆரம்பித்துவிடும். இந்தியாவில் இவற்றின் பெரிய கூடுதளம் குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் இருக்கிறது. மழை சரியாகப் பெய்து தண்ணீர் தேங்கினால்தான் அங்கே கூடு, இல்லையென்றால் அந்த வருஷம் கிடையாது.

தம்பி கொஞ்ச நேரம் டெலஸ்கோப்பில் கண் வைத்தான். "டான்ஸ் ஆடுதுக்கா" என்றான். பிறகு இருபது நிமிஷம் தரவில்லை.

ஞாயிறு, கோடியக்கரை

இன்று காடு. வெளிமான்களுக்காக 1967-இல் அமைத்த சரணாலயம் இது. புல்வெளியில் இரண்டு கிடாக்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று பார்க்காத மாதிரி நடந்தன, காதைத் தாழ்த்தி, கொம்பைப் பின்னால் சாய்த்து. சண்டை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சீமைக்கருவேலம் புல்வெளியைத் தின்றுகொண்டு வருவதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. வெட்டுகிறார்கள், மறுபடி முளைக்கிறது. எப்போதோ மனிதர்கள் விட்டுப்போன மட்டக்குதிரைகளும் காட்டுக் குதிரைகளாகிப் பெருகி அதே புல்லுக்குப் போட்டி போடுகின்றன.

உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள் இதை. உள்ளே போனால் உலக்கைப் பாலை மரங்கள்தான் அதிகம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஈர வாசனை. சருகுக்குள் ஏதோ தத்தியது. ஆறுமணிக்குருவி! பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண்ணில் கறுப்புப் பட்டை. குளிர்காலம் முழுவதும் காலையும் மாலையும் ஒரு தடவை கூவிவிட்டு மறைந்துகொள்ளும். சித்திரை வாக்கில் மத்திய இந்தியாவுக்கும் இமய அடிவாரத்துக்கும் கிளம்பும். முதல் மழையோடு கூடு கட்டும். எனக்கு அரை நிமிஷம் தரிசனம் கொடுத்தது. தம்பி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

மாலையில் கடற்கரை. இங்கே எனக்குப் பறவைகளை விட மனிதர்கள் சுவாரசியமாகிப்போனார்கள். வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது நாகை, காரைக்கால் பக்கத்து மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கோடியக்கரையில் குடிசை போட்டுத் தங்குவார்கள். அவர்கள் ஊர்க் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இந்தப் பக்கம் மீன்பாடு நன்றாக இருக்கும். பங்குனி நெருங்கினால் திரும்பிவிடுவார்கள். பாதிக் குடிசைகளின் கீற்றைப் பிரித்தாகிவிட்டது. வலையைச் சுருட்டிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எப்பம்மா கிளம்புறீங்க?"

"இந்த வாரம் போயிருவோம். வாடை நின்னுபோச்சு, இனிமே இங்க ஒண்ணும் ஓடாது. பிள்ளைகளுக்குப் பரீட்சை வேற வருது."

வந்த பாடு எப்படி என்று கேட்டதற்கு, காலா மீன் இந்த வருஷம் பரவாயில்லை என்றார். கிளம்பும்போது ஒரு பை கருவாடு கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். தம்பி மறைவாக அவர் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

கரையில் வனத்துறையின் ஆமைக் குஞ்சு பொரிப்பிடம் இருக்கிறது. பங்குனி ஆமைகள் தை முதல் இரவில் கரையேறி, குழி தோண்டி நூறுக்கும் மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். நாயும் நரியும் கிளறுவதற்குள் முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் பொரிக்கும். மணல் அதிகம் சுட்டால் பெண், கொஞ்சம் குளிர்ந்திருந்தால் ஆண். அப்படியானால் முன்பனியில் இட்ட முட்டைக்கும் பங்குனி வெயிலில் இட்ட முட்டைக்கும் பொரிக்கும் குஞ்சுகளின் கணக்கே மாறும். இன்று விடுவதற்குக் குஞ்சுகள் இல்லை. வேலிக்குள் குச்சிகளில் தேதி எழுதி நட்டிருந்ததை வாசித்துவிட்டு வந்தோம்.

திங்கள், தனுஷ்கோடி

கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க ஓட்டம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். வழியில் கல்யாண முருங்கைகள் இலை உதிர்த்துச் சிவப்பாக நின்றன. தொண்டிக்கு முன்னால் ஒரு மரத்தில் சூறைக்குருவிகள் தேனுக்கு அடித்துக்கொண்டன. மற்றபடி புழுதியும் புரோட்டாவும்தான்.

பாம்பனைத் தாண்டும்போது பிற்பகல். தனுஷ்கோடிச் சாலையோரத் தேங்குநீரில் பூநாரைகள் இருந்தன. இந்தப் பகுதியை 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. அறிவித்தால் போதுமா? கார்கள் நின்று, ஆட்கள் சேற்றில் இறங்கி, செல்ஃபிக்காகக் கை தட்டிப் பறக்க வைக்கிறார்கள். பல நாள் தின்று சேர்த்த கொழுப்பை இப்படி ஒரு கைதட்டலில் கரைப்பது எவ்வளவு பெரிய கெடுதல் என்று அவர்களுக்கு யார் சொல்வது! ஒருவரிடம் சொன்னேன். "ஒரு ரவுண்டு பறந்துட்டு இறங்கிடும் மேடம்" என்றார். இறங்கத்தான் செய்தது. அடுத்த கார் வந்தது.

அரிச்சல்முனையில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள். பழுப்புத்தலை என்று பெயர் வைத்துவிட்டார்களே, தலை வெள்ளையாக அல்லவா இருக்கிறது என்று மார்கழியில் வருகிறவர்கள் குழம்புவதுண்டு. குளிர்காலத்தில் காதுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும்தான். இன்று கூட்டத்தில் பாதிக்கு மேல் தலை முழுக்க காபித்தூள் நிறம். மீதி அரைகுறையாக, சிலவற்றுக்கு நெற்றி மட்டும் வெள்ளை. லடாக்கிலும் திபெத்திலும் உள்ள உயரமான ஏரிகளுக்குப் போகிறவை இவை. சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று மிக்சரை அள்ளி வீச, அத்தனையும் சுழன்று வந்து காற்றிலேயே கவ்வின. மிக்சர் தின்றுவிட்டு இமயமலைக்குப் போகும் பறவை! சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

எதிரே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் தலைமன்னார். அந்தப் பக்கம் மன்னாரில் வங்காலையும் ஒரு ராம்சார் ஈரநிலம். அங்கேயும் இந்நேரம் இதே பூநாரைகளும் கடற்காகங்களும் நிற்கும். இரண்டு கரைக்கும் நடுவே இவை கடவுச்சீட்டு இல்லாமல் போய்வருவதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் நான் விட்டுவிடுகிறேன்.

புதன், கூந்தன்குளம்

நேற்று முழுவதும் தம்பிக்கு ஓய்வு கொடுத்தேன். தூத்துக்குடி மக்ரூன் இரண்டு டப்பா காலி.

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் காலையில் வந்து சேர்ந்தோம். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். எச்சமும் மீனும் கலந்த அந்தக் காரமான நெடி முதல் பத்து நிமிஷம் மூக்கை அடைக்கும், அப்புறம் பழகிவிடும். குளத்துக்குள் நாட்டுக்கருவேல மரங்களில் கூடுகள். அது போதாதென்று தெருவிலுள்ள வேப்பமரத்திலும் புளியமரத்திலும் கூடுகள். கீழே கோலம் போட்டிருக்கிறது, அதன் மேலேயே வெள்ளை அபிஷேகம். இந்த ஊரில் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை. பறவை வந்தால் அந்த வருஷம் தண்ணீருக்கும் விளைச்சலுக்கும் குறைவிருக்காது என்பது நம்பிக்கை. தீபாவளிக்கு வெடி போடாத ஊர். எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வருகிற வருஷம் குளம் நிறைகிறது; வராத வருஷம் பறவையும் குறைகிறது.

இங்கே மட்டும் யாரும் சீசன் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. முடியவும் இல்லை. செங்கால் சங்குவளை நாரைகளுக்குக் கூட்டில் குஞ்சுகள். சில கூடுகளில் பஞ்சுருண்டை, சிலவற்றில் பறக்கத் துடிக்கும் பெரிய குஞ்சு. வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது, அலகைத் தட்டி ஓசை எழுப்பும், அவ்வளவுதான். சத்தமெல்லாம் குஞ்சுகளுடையது. பதினொரு மணி வெயிலில் தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு இறக்கையையும் விரித்து நிற்க, குஞ்சுகள் அந்த நிழலுக்குள் ஒடுங்கியிருந்தன. இன்னொன்று குளத்திலிருந்து வந்து அலகிலிருந்து குஞ்சுகளின் மேல் தண்ணீரை ஒழுகவிட்டது. அதன் முதுகுப்புறத்து ரோஜா நிறம் நான் இதுவரை பார்த்ததில் மிக அடர்த்தி. கூழைக்கடாவின் குஞ்சு தாயின் தொண்டைப்பைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது.

உள்ளூர்க்காரர்களும் சும்மா இல்லை. மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பு. உண்ணிக்கொக்கின் தலையில் மஞ்சள் ஏறுகிறது. பண்ணையோர வேம்பில் குயில் விடாமல் கூவியது; காக்கைகள் கூடு கட்டத் தொடங்கினால் அதற்கும் வேலை வந்துவிடும்.

குளத்தின் நடுவே வரித்தலை வாத்துகள் கொஞ்சம் இருந்தன. தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. இரவில் வயலில் மேய்ந்துவிட்டுப் பகலில் தண்ணீரில் கிடக்கும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய சில வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு கழுத்தாகச் சோதித்தேன். பட்டை எதுவும் இல்லை. கரையில் நின்ற பெரியவர் ஒருவர், "நேத்து வரைக்கும் இன்னும் நிறைய கெடந்துச்சு. ராத்திரியே ஒரு கூட்டம் எந்திரிச்சுப் போயிட்டு" என்றார். மிச்சமுள்ளதும் எப்போது கிளம்பும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் நம்மகிட்ட சொல்லிட்டா போகுது? காத்துத் திரும்பணும். நீங்க வைகாசியில வாங்க, இந்தக் குஞ்செல்லாம் கொளத்தைச் சுத்திப் பறக்கும், அது ஒரு கண்காட்சி."

வைகாசி வெயிலில் இங்கே வருவதா என்று தம்பி முகம் போன போக்கைப் பார்த்தேன். பெரியவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, குஞ்சு ஒன்று மரத்திலிருந்து விழுந்தால் என்ன செய்வார்கள், என்ன மீன் ஊட்டுவார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவன் கேட்டான்: "ஏன்க்கா, வைகாசியில எந்தத் தேதி லீவு வருது?"